செயின்சாவுக்கும் சிறு எஞ்சின்களுக்கும் எந்த ஸ்பார்க் பிளக்கை நம்பி வாங்குவது?

முழு வேகத்தில் மரத்தை அறுக்கும் செயின்சாவின் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுழல்கிறது. சுமை இல்லாதபோது பல மாடல்களில் அது 13,000-ஐயும் தாண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு பொறி வேண்டும். சராசரியாக 10,000 சுழற்சி என்றே கணக்கிட்டாலும், 100 மணி நேர வேலைக்குள் ஒரே பிளக் 6 கோடி முறை பொறி தந்திருக்கும். அதுவும் அரை மில்லிமீட்டர் இடைவெளியில், எண்ணெய் கலந்த பெட்ரோல் புகைக்கு நடுவே, ஓயாத அதிர்வில். இவ்வளவு சுமையைத் தாங்கும் உறுப்பை வாங்கும்போது நம்மில் பலர் பார்ப்பது, மரை பொருந்துகிறதா என்ற ஒன்றை மட்டுமே. மரை பொருந்தும் பிளக் எல்லாம் எஞ்சினுக்குப் பொருந்தும் பிளக் ஆகிவிடாது என்பதில்தான் இந்த ஒப்பீடு தொடங்குகிறது.

பழைய பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்திருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. கையேட்டில் குறிப்பிட்ட அதே எண் கொண்ட சாதாரண நிக்கல் பிளக்கை வாங்கலாம். வேறொரு நிறுவனம் அதற்கு இணையாகத் தரும் பிளக்கை வாங்கலாம். இரிடியம் அல்லது பிளாட்டினம் முனை கொண்ட விலையுயர்ந்த வகைக்கு மாறலாம். பெயர் கேள்விப்படாத மலிவான ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வழியே சிறந்தது, இரண்டாவது அதற்குச் சற்றும் குறைந்ததல்ல, மூன்றாவது பெரும்பாலும் தேவையில்லாதது, நான்காவதைத் தவிர்க்க வேண்டும். ஆனால் இரண்டாவது வழி நம்பகமானதாக இருக்க வேண்டுமானால் பிளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

செயின்சாக்களில் மிகப் பரவலாகக் காணப்படும் எண் என்ஜிகே நிறுவனத்தின் பிபிஎம்ஆர்7ஏ. இதில் முதல் எழுத்தான பி, மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது பி, உள்ளிருக்கும் பீங்கான் மூக்கு மரையின் விளிம்பைத் தாண்டி எரியறைக்குள் சற்று நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். எம் என்றால் உயரம் குறைந்த, கச்சிதமான உடல். செயின்சாவின் மூடிக்குள் இடம் குறைவு என்பதால் இது முக்கியம். ஆர் என்பது உள்ளே ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இருப்பதைக் குறிக்கும். 7 என்பது வெப்ப எண். இதே வேலைக்கு பாஷ் தரும் பிளக் டபிள்யூஎஸ்ஆர்6எஃப், சாம்பியன் தருவது ஆர்சிஜே7ஒய், டென்சோ தருவது டபிள்யூ22எம்பிஆர்-யூ. ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் பல செயின்சா கையேடுகளில் என்ஜிகே, பாஷ் எண்கள் இரண்டும் அருகருகே அச்சாகியிருக்கும். ஹுஸ்க்வர்னா கையேடுகளில் என்ஜிகே எண்ணோடு சாம்பியன் எண்ணைக் காணலாம். எஞ்சினைச் செய்தவரே இரண்டையும் ஏற்றுக்கொண்டிருக்கும்போது, இதுதான் சிறந்தது, அது மட்டம் என்று நாம் வாதிடுவதற்கு அங்கே இடமில்லை.

வாங்குபவர் சறுக்குவது வெப்ப எண்ணில்தான். என்ஜிகே, டென்சோ ஆகிய இரண்டு ஜப்பானிய நிறுவனங்களிலும் எண் ஏற ஏற பிளக் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும், அதாவது கோல்டு பிளக் ஆகும். பாஷிலும் சாம்பியனிலும் இது தலைகீழ். எண் ஏற ஏற ஹாட் பிளக். போதாததற்கு, ஒவ்வொரு நிறுவனத்தின் அளவுகோலும் தனித்தனி. என்ஜிகேயின் 7-க்கு அருகில் நிற்பது டென்சோவில் 22, பாஷில் 6. எனவே, "போன தடவை 7 போட்டோம், இந்த நிறுவனத்திலும் 7-ஐயே வாங்குவோம்" என்று நினைப்பவர், தாம் அறியாமலேயே வேறொரு வெப்பத் தரத்துக்கு மாறிவிடக்கூடும். நிறுவனத்தை மாற்றினால் எண்ணை அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. அந்த நிறுவனம் தன் பட்டியலில் உங்கள் எஞ்சினின் மாடலுக்கு நேராக எந்த எண்ணைக் கொடுத்திருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இணை எண் பட்டியல்கள் பிளக்குக்குப் பிளக் ஒப்பிடுபவை. பீங்கான் மூக்கின் நீட்டம், ரெசிஸ்டர் போன்றவற்றை அவை சில வேளைகளில் கண்டுகொள்வதில்லை. எஞ்சின் மாடலிலிருந்து தேடுவதே பாதுகாப்பு.

இந்த வெப்ப எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். பிளக்கின் மூக்கு சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அதன் மேல் படியும் கரி தானாக எரிந்து போகும். அதற்குக் கீழேயே நின்றுவிட்டால் கரி படிந்துகொண்டே வரும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள் ஆகையால், இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டிய மின்னழுத்தம் பீங்கானின் மேற்பரப்பு வழியே உடலுக்குள் கசிந்துவிடும். மறுபக்கம், மூக்கின் வெப்பம் 850 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அப்படி நேர்ந்தால் பிஸ்டனின் தலையே உருகிவிடலாம். கோல்டு பிளக்கும் ஹாட் பிளக்கும் தரும் பொறி ஒன்றுதான். மூக்கு எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதில் மட்டுமே வேறுபாடு. "ஹாட் பிளக் போட்டால் இழுவை கூடும்" என்ற பேச்சு இந்தப் பெயர்க் குழப்பத்தில் பிறந்தது. அதை நம்பி யாரும் எஞ்சினைப் பணயம் வைக்க வேண்டாம்.

கையேடு சொல்லும் எண்ணைப் போட்டும் பிளக் அடிக்கடி கரியாகிறது என்றால், ஹாட் பிளக்குக்கு மாறுவதே தீர்வு என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாகத் திறந்திருக்கலாம், எண்ணெய் கூடுதலாகக் கலந்திருக்கலாம். 50-க்கு 1 என்ற விகிதத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய் போதும். கண் அளவில் ஊற்றுபவர் இதை எளிதில் இரட்டிப்பாக்கிவிடுவார். அதேபோல் பிளக்கின் மூக்கு சுண்ணாம்பு போல் வெளுத்து, மின்முனை அரித்திருந்தால் கோல்டு பிளக்கைத் தேடுவதற்கு முன், சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையே எங்காவது காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் எஞ்சினின் நிலையைக் காட்டுகிற கண்ணாடி. அதில் தெரிகிற கோளாற்றைக் கண்ணாடியை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது மரையின் நீளம். 14 மில்லிமீட்டர் விட்டத்திலேயே 9.5, 12.7, 19 மில்லிமீட்டர் என மூன்று நீளங்கள் புழக்கத்தில் உள்ளன. பிபிஎம்ஆர்7ஏ 9.5 மில்லிமீட்டர் வகை. ஜெனரேட்டர்களிலும் தண்ணீர் பம்புகளிலும் காணப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்கு உரியது என்ஜிகே பிபிஆர்6இஎஸ். எண்ணுக்கு அடுத்து வரும் இ என்ற எழுத்து 19 மில்லிமீட்டர் நீளத்தைச் சொல்கிறது. இரண்டையும் மேசை மேல் ஒன்றன் அருகே ஒன்றாக நிறுத்தினால், மரைப்பகுதி ஒன்றைப் போல் மற்றொன்று சரியாக இரண்டு மடங்கு இருப்பது தெரியும். விட்டமும் மரைப்புரிகளின் இடைவெளியும் ஒன்றே என்பதால் நீளமானது செயின்சாவின் சிலிண்டரிலும் தடையில்லாமல் கையாலேயே ஏறும். ஏறி, பிஸ்டன் மேலே வரும் இடத்தில் போய் நிற்கும். கயிற்றை ஒருமுறை இழுத்தாலே சேதம் முடிந்துவிடும். எதிர்த்திசையில், 19 மில்லிமீட்டர் கேட்கும் சிலிண்டர் தலையில் குட்டையான பிளக்கைப் போட்டால் எஞ்சின் எப்படியோ ஓடும். ஆனால் வெறுமையாக விடப்பட்ட உள்மரைகளில் கரி கட்டிப்போய், பின்னொரு நாள் சரியான பிளக்கைப் போடும்போது அது பாதியில் இறுகி நிற்கும்.

புதிய மாடல்களில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. பல புல்வெட்டிகளும் சில செயின்சாக்களும் இப்போது 10 மில்லிமீட்டர் மரை கொண்ட சிஎம்ஆர்6எச் வகைக்கு மாறிவிட்டன. ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு சிஎம்ஆர்5எச். ஒரே நிறுவனத்தின் பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும் பிளக் வேறாக இருக்கலாம் என்பதால், "என்னிடம் இந்த நிறுவனத்தின் செயின்சா இருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் பிளக் கேட்பது போதாது. மாடல் எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது பழைய பிளக்கைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பழையது சரியான எண்தானா என்பதைக் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுக் கொண்டுபோவது இன்னும் நல்லது, ஏனெனில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஞ்சின்களில் முந்தைய உரிமையாளர் எதையாவது போட்டு ஓட்டியிருப்பது சாதாரணம்.

ரெசிஸ்டர் உள்ளதா, இல்லாததா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. உள்ளே இருக்கும் சுமார் 5,000 ஓம் தடை, பொறி எழும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சலை அடக்குகிறது. பாயிண்ட் என்ற தொடுமுனைகள் திறந்து மூடிப் பொறி தந்த பழைய மேக்னெட்டோ எஞ்சின்களில் அது இல்லாமலும் காலம் ஓடியது. இன்று பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குள்ளேயே மின்னணுச் சுற்று இருக்கிறது; எரிபொருள் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் செயின்சாக்களில் நுண்செயலியே இருக்கிறது. அந்த இரைச்சல் இவற்றைக் குழப்பக்கூடும். பிபிஎம்ஆர்7ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஆர் இல்லாத பிபிஎம்7ஏ-வைப் போட்டால் பொறி பலமாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஒழுங்காக இயங்கும் காயிலுக்கு இந்தத் தடை ஒரு சுமையே இல்லை. கையேடு ஆர் என்றால் ஆர் இருக்க வேண்டும்.

எழுத்துகளில் தெரியாத ஒரு விஷயத்தை அனுபவத்தில் கற்றேன். என்னிடம் இருந்த செயின்சா ஒன்று, காலையில் இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பும். அரைமணி நேரம் அறுத்த பின் திடீரென அடைத்து அடைத்து ஓடி நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன், காயிலையே சந்தேகப்பட்டேன். பிளக் புதியது என்பதால் அந்தப் பக்கமே பார்வை போகவில்லை. கடைசியில் பிளக்கின் ரப்பர் தொப்பியை இழுத்துக் கழற்றியபோது, பிளக்கின் தலையில் இருக்க வேண்டிய சிறிய பித்தளை நிற நட்டும் தொப்பியோடு சேர்ந்து கையோடு வந்தது. அது மரையில் இரண்டு சுற்று மட்டுமே பிடித்திருந்திருக்கிறது. நட்டின் உள்மரையில் கறுப்புத் துகள். தொப்பிக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் நெருப்பு பட்டது போன்ற ஒரு நீலப் புள்ளி. அதிர்வில் நட்டு தளர்ந்து, பொறி பிளக்கின் அடியில் மட்டுமல்லாமல் தலையிலும் பாய்ந்துகொண்டிருந்தது. பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் மூடிக்கு வெளியே பொறி பாய்வது என்பது எஞ்சின் நிற்பதைவிடப் பன்மடங்கு பெரிய ஆபத்து என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். தனியாகக் கழற்றக்கூடிய நட்டு உள்ளது, உடலோடு ஒன்றாகவே செய்த கெட்டித் தலை உள்ளது என இரண்டு வகைகள் கிடைக்கும் இடத்தில், அதிர்வு மிகுந்த செயின்சாவுக்குக் கெட்டித் தலையையே தேர்ந்தெடுங்கள். நட்டு உள்ளதுதான் கிடைக்கிறது என்றால், பொருத்தும் முன் அதைக் குறடால் பிடித்து இறுக்கிவிடுங்கள். விரலால் திருகினால் போதாது.

இரிடியம் பிளக்கின் மேல் பலருக்கு ஆசை இருக்கிறது. அந்த உலோகத்தின் பெருமை உண்மையானது: நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் சுமார் 1,770 டிகிரியில், இரிடியமோ 2,400 டிகிரியைத் தாண்டியே உருகும். அதனால் மைய மின்முனையை 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. சாதாரண நிக்கல் பிளக்கில் அது சுமார் 2.5 மில்லிமீட்டர். மெல்லிய முனையில் பொறி குறைந்த மின்னழுத்தத்திலேயே பாயும், தேய்மானமும் குறைவு. பிளக்கை மாற்றுவதற்குப் பாதி எஞ்சினைக் கழற்ற வேண்டிய கார்களில் இந்த நீண்ட ஆயுள் பெரிய வசதி. செயின்சாவில் பிளக்கை மாற்ற மூன்று நிமிடம் ஆகும். தவிர, இங்கே பிளக் சாவது பெரும்பாலும் தேய்மானத்தால் அல்ல, எண்ணெய்க் கரியால்தான். கரி படிந்துவிட்டால் இரிடியமும் நிக்கலும் ஒன்றே. ஒரு இரிடியத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பல நிக்கல் பிளக்குகளை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்னும்போது, என் தேர்வு எப்போதும் நிக்கல்தான். கிளப்புவதற்குச் சிரமம் தருகிற, காயில் வலுவிழந்த பழைய எஞ்சினில் மட்டும் இரிடியம் கொஞ்சம் கைகொடுக்கலாம்; அங்கும் உண்மையான மருந்து காயிலை மாற்றுவதே. இரண்டு, மூன்று பக்க மின்முனைகள் கொண்ட வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடைவெளியில்தான் பொறி பாயும், கையேடு கேட்காத எஞ்சினில் அவற்றால் பயன் ஒன்றுமில்லை.

மலிவான பிளக்குகளைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெயர் பெறாத நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்பது ஒன்று. புகழ்பெற்ற பெயரைத் திருடி அச்சிட்ட போலி மற்றொன்று. முன்னதில் ஓரளவு நன்றாக உழைப்பவையும் உண்டு. புதிய எஞ்சினோடு வரும் பெயரறியாத பிளக் பல மாதங்கள் குறையில்லாமல் ஓடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்ற உறுதி இல்லாததே அதன் குறை. போலியோ முழு ஏமாற்று. வெப்ப எண் என்று அச்சிட்டிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பே இருக்காது. அதைக் கண்டுபிடிக்கப் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல பிளக்கின் மரை உருட்டிச் செய்யப்பட்டு, விரல் நகத்துக்கு வழவழப்பாக இருக்கும். போலியின் மரையில் கடைசல் கீறல்கள் உறுத்தும். மைய மின்முனையும் பக்க மின்முனையும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். அடியிலுள்ள வாஷர் தலைகீழாகப் பிடித்தாலும் உதிரக் கூடாது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர் தலைக்கும் மைய மின்முனைக்கும் இடையே அளந்தால், ரெசிஸ்டர் பிளக் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஆர் என்ற எழுத்து வெறும் அலங்காரம், எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே தொடர்பு அறுந்திருக்கிறது.

எவ்வளவு காலத்துக்கு ஒரு பிளக் என்பதிலும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபாடு உண்டு. ஸ்டீல் கையேடுகள் செயின்சாவுக்கு ஏறத்தாழ 100 மணி நேரத்தை எல்லையாக வைக்கின்றன. நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுழற்சியில் ஓடும் ஜிஎக்ஸ்160-க்கு, 100 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனையும் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றமும் போதும் என்கிறது ஹோண்டா. மணிக்கணக்கு வைக்காதவர், மைய மின்முனையின் விளிம்பைப் பார்க்கலாம்: புதிதில் கூர்மையாக வெட்டியது போல் இருக்கும் விளிம்பு உருண்டையாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. நடுவில் கரி படிந்தால் மென்மையான தூரிகையால் துடைத்து, இடைவெளியைச் சரிபார்த்துத் திரும்பப் போடலாம். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது மட்டும் கூடாது. பீங்கானுக்கும் உடலுக்கும் இடையே சிக்கும் ஒரு மணல் துகள், பின்னர் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும்.

வாங்கிய பிளக் சரியானதாக இருந்தாலும் இடைவெளியை அளக்காமல் போடக் கூடாது. பெரும்பாலான செயின்சாக்களுக்கு 0.5 மில்லிமீட்டர், ஜிஎக்ஸ்160-க்கு 0.7 முதல் 0.8 வரை. ஒரே வகைப் பிளக் பல எஞ்சின்களுக்குப் போவதால் பெட்டியிலிருந்து வரும் அளவு உங்கள் எஞ்சினுக்கு உரியது என்று எண்ணிவிட முடியாது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, வளைக்க வேண்டியிருந்தால் பக்க மின்முனையை மட்டும் வளைக்க வேண்டும். மைய மின்முனையில் நெம்பினால் பீங்கானில் விரிசல் விழுந்துவிடும்.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, பிளக்கைச் சுற்றியுள்ள மரத்தூளை ஊதித் துடைத்துவிட்டுப் பழையதைக் கழற்றுங்கள். புதியதை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே வாஷர் தொடும் வரை திருக வேண்டும். நடுவில் முரண்டினால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள், உடனே திரும்பக் கழற்ற வேண்டும். வாஷர் தொட்ட பின், புதிய பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை. ஏற்கெனவே பயன்படுத்தியதைத் திரும்பப் போடுவதானால் வாஷர் நசுங்கிவிட்டிருக்கும் என்பதால் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். வழுக்கலில் கை அறியாமல் கூடுதலாக இறுகி, அலுமினிய சிலிண்டரின் மரை உரிந்துவிடும். பிறகு ரப்பர் தொப்பியை அழுத்தி, அது பிளக்கின் தலையைக் கவ்வும் 'டக்' என்ற ஓசை கேட்ட பின்னரே கயிற்றை இழுங்கள்.